வையாளி வீதி எங்கே?

ஆண்டுதோறும் டிசெம்பர்ப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையில் நிறைவெய்துவது சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். அக்காலத்தே மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்கு வரும் பாதை உறக்கம் அறியாது. பஸ் வண்டிகளும் வான்களும் முச்சக்கர வண்டிகளும் இரவெல்லாம் அடியார்களைச் சுமந்து மலையடிவாரம் வந்து சேர்கின்றன. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டியும் தேயிலைச் சரிவுகளை வளைத்தும் செல்லும் அப்பாதையில் அண்மைக் காலமாக வேறொரு கூட்டத்தையும் காண்கின்றோம். தாழ்ந்த உடலும் அகன்ற சக்கரமும் வாய்ந்த வேகக் கார்களில் இளைஞர்கள் வருகின்றனர். அவர்கள் வருவது மலையேறுதற்கன்று. வளைவுகளில் வண்டியின் வலிமையைக் காட்டுதற்கே.

சென்ற யாத்திரைக் காலத்தில் ஒருநாள் பள்ளி விட்ட நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாகப் பாதையோரம் லயங்களை நோக்கி நடந்து சென்றனர். அவ்வேளை இரண்டு கார்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வளைவில் தோன்றின. பிள்ளைகள் மண்மேட்டோடு மேடாக ஒண்டிக்கொண்டனர். ஒரு சிறுமியின் குடை கானுக்குள் வீழ்ந்தது. கார்கள் மறைந்தன. பெற்றோர் செய்த புண்ணியம், வேறொன்றும் நிகழவில்லை. நிகழாதபோதே இதனை எழுதிவிட வேண்டுமென எண்ணினோம். நிகழ்ந்தபின் எழுதுவதற்கு இரங்கலுரை என்று பெயர்.

வேகத்தை விரும்புவோரை வைது தீர்ப்பது எளிது. எம் போன்ற ஆசிரியர்களுக்கு அது கைவந்த கலையுங்கூட. ஆயின், அது நேர்மையாகாது. வேக வேட்கை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நளவெண்பா கற்றோர் நளன் தேரோட்டிய திறத்தை மறவார். வாகுகனாய் மறைந்திருந்த நளன், இருதுபன்னனை ஏற்றிக்கொண்டு குண்டினபுரத்துக்குத் தேர் விடுக்கின்றான். மன்னனது மேலாடை நழுவி வீழ்கிறது. அதனை எடு என்று சொல்லி முடிப்பதற்குள் தேர் இருபத்து நான்கு காதம் கடந்துவிடுகிறது. புகழேந்தியார் இதனைப் பழியாகவா பாடினார்? வியந்தன்றோ பாடினார்! பரியின் இயல்பறிந்து செலுத்துவோன் கலைஞன் என்பதே நம் முன்னோர் கொள்கை. இன்று பரியின் இடத்தில் எஞ்சின் நிற்கிறது. அதன் இயல்பறிய விழைவதும் குற்றமன்று. எங்கே, யார் முன்னிலையில், யாருடைய உயிரைப் பணயம் வைத்து அறிய விழைகின்றோம் என்பதே கேள்வி.

வேகக் கார் ஒன்றனை உடையவர் அதனைக் கொண்டு இன்புறும் வழிகள் மூன்று. கண்காட்சியில் நிறுத்திப் பிறருக்குக் காட்டுதல் ஒன்று. பொதுத் தெருவில் போட்டியிட்டு ஓட்டுதல் மற்றொன்று. இதற்கென அமைந்த ஓடுகளத்தில், குறித்த நாளில், விதிக்குட்பட்டு ஓட்டிப் பழகுதல் மூன்றாவது. இம்மூன்றையும் ஒரே தராசில் இட்டு, 'கார்ப் பைத்தியம்' என்று ஒரு பெயரால் ஒதுக்குதல் முறையன்று.

முதலில் கண்காட்சி. அதனால் யாருக்கும் தீங்கில்லை. தேய்த்து மெருகிட்ட வண்டியைச் சுற்றி நின்று நாலு பேர் வியக்க, உடையவர் உள்ளம் குளிர்கிறது. அந்நாள் தோட்டத் துரைமார் வைத்திருந்த கார்களைப் பேணிக் காப்போர் இன்றும் உளர். அவர் தொண்டு பழம்பொருள் காக்கும் தொண்டேயாகும். எனினும், ஓடுதற்குச் செய்த பொருள் நிற்பதற்கு மட்டும் பயன்படுமாயின் அதன் பிறவிப் பயன் என்னாவது? கோயில் தேரும் ஆண்டிற்கொரு முறையேனும் நிலையை விட்டு வீதிக்கு வருகிறது. ஓடாத தேரின் அச்சு உளுத்துப்போம் என்பது தேர்த்தச்சர் அறிந்த செய்தி.

அடுத்தது தெரு. தெருவில் தேர் விட்ட கதை ஒன்று நம் நாவில் நிலைத்திருக்கின்றது. ஆரூரில் மனுநீதிச் சோழன் மைந்தன் தேரூர்ந்து வந்தான். துள்ளி வந்த கன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. சேக்கிழார் பெருமான் விரித்துரைத்த அவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இளவரசன் வேண்டுமென்று கன்றைக் கொன்றானல்லன். கன்று எங்கிருந்தோ பாய்ந்து வந்தது, அவன் கண்டிலன். அமைச்சர் அவன் பொருட்டுப் பரிந்துரைத்தனர். மன்னன் அதனை ஏற்றானா? இல்லை. தெருவில் தேர் விடுவோன், எதிர்பாராது எதிர்ப்படும் உயிருக்கும் பொறுப்பாளி என்பதே அவன் தீர்ப்பின் உட்பொருள். 'பிள்ளை குறுக்கே ஓடி வந்தது; நான் என் செய்வேன்?' என்று இன்று சொல்வோர்க்கு ஆரூர் மணி என்றோ விடை கூறிவிட்டது.

இதனை அறநூல் கொண்டு மட்டுமன்றிக் கணக்குக் கொண்டும் காட்டலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடக்கின்றது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஒரு நொடி கழிந்துவிடும். மிதித்த பின்னும், உலர்ந்த நல்ல பாதையில் நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேண்டும். வேகம் இருமடங்கானால் இத்தூரம் இருமடங்காவதில்லை; நான்மடங்காகின்றது. அதாவது 120 கிலோமீற்றரில் 80 மீற்றர். நம் மலைப் பாதையில் மூடுபனி இறங்கிய மாலையில், ஈரத் தாருக்கு மேல், அடுத்த வளைவுக்கு அப்பால் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? நகர எல்லைக்குள் 50, அதற்குப் புறத்தே 70 கிலோமீற்றர் என்று இந்நாட்டுச் சட்டம் கார்களுக்கு விதித்த வரம்பு, நல்ல பாதைக்கு உரிய உச்ச எல்லையேயன்றி, கொண்டை ஊசி வளைவுக்கு வழங்கிய உரிமையன்று.

இன்னுமொன்று. வளைவை விரைந்து கடக்கும் நுட்பம் ஓட்டக் கலையில் வல்லார் அனைவரும் அறிந்ததே. வளைவின் வெளிப்புறத்திலிருந்து நுழைந்து, உள்முனையைத் தொட்டு, மீண்டும் வெளிப்புறம் நோக்கி அகன்று செல்ல வேண்டும். பாதையின் முழு அகலமும் இதற்கு வேண்டும். ஓடுகளத்தில் எல்லாக் கார்களும் ஒரே திசையில் ஓடுவதால் இது தகும். பொதுப் பாதையிலோ, அந்த அகலத்திற் பாதி எதிரே வருவோனுக்கு உரியது. ஆகவே தெருவில் விரைவோன், எவ்வளவு திறமையோடு ஓட்டுகின்றானோ அவ்வளவுக்குப் பிறருடைய பாதியைக் கவர்கின்றான். களத்தில் கலையாகும் ஒன்று தெருவில் களவாகிவிடுகின்றது.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். அகநானூற்றின் முல்லைப் பாட்டு ஒன்றில், வினை முடித்து மீளும் தலைவன் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகின்றான். மலர்ச்சோலையில் துணையோடு தேனருந்தும் வண்டுகள் அம்மணியோசை கேட்டு வெருவுமே என்ற அச்சமே காரணம். காதலியைக் காணும் ஆவலில் விரையும்போதும் வண்டுக்கு இரங்கிய நெஞ்சம் அது. நடுநிசியில், கொழுந்து பறித்துக் களைத்த தாயர் உறங்கும் லயங்களின் ஓரமாக, ஒலியடக்கியைக் கழற்றிவிட்டு முழங்கிச் செல்லும் வீரர்கள் அப்பாட்டின் பொருளை யாரிடமேனும் கேட்டறிதல் நன்று.

இனி மூன்றாம் வழிக்கு வருவோம். குதிரைகளைப் பயிற்றுவதற்கென்றே அமைந்த இடத்துக்குத் தமிழில் தனிப்பெயர்கள் உண்டு. 'வையாளி வீதி' என்பது ஒன்று; 'செண்டுவெளி' என்பது மற்றொன்று. பெயர் இருந்ததெனின் பொருளும் இருந்தது. பொருள் இருந்ததெனின் அதன் தேவையை உணர்ந்த அறிவும் இருந்தது. மக்கள் நடக்கும் தெரு வேறு, பரி பாயும் வீதி வேறு என்று நம்மவர் வரையறுத்திருந்தனர். இன்றும் திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விழாவின் இராப்பத்தில், நம்பெருமாள் தங்கக் குதிரையேறி வையாளி கண்டருளுவது மணல்வெளியிலேதான். பரிமேல் வரும் பெருமானுக்கும் பாய்ந்து திரிய இடம் குறித்து வைத்த மரபு நம்முடையது.

மேலை நாட்டார் இவ்வுண்மையை இழப்பினாற் கற்றனர். 1903 ஆம் ஆண்டு மே மாதத்தில் பாரிஸிலிருந்து மட்ரிட் நோக்கிப் பொதுச் சாலை வழியே ஒரு கார்ப் பந்தயம் புறப்பட்டது. ஓட்டுநரும் வழியில் நின்ற மக்களும் மாண்டமையால் பிரெஞ்சு அரசு அதனை போர்தோ நகரத்திலேயே நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் அக்காலத்துச் சாலை வேக வரம்பு மணிக்கு 20 மைல். விரைந்தோட விரும்புவோர்க்கும் கார் செய்வோர்க்கும் வேறிடம் வேண்டியிருந்தது. ஆகவே 1907 இல் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் தனி ஓடுகளம் எழுந்தது. ஜெர்மனியில் 1927 இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் களத்தின் 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வடசுற்றில், குறித்த நாட்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் தம் சொந்தக் காரை ஓட்டலாம்.

நம் அண்டையிலும் முன்மாதிரிகள் உள. சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமானத் தளமொன்று பின்னர்ப் பல்லாண்டு பந்தயக் களமாயிற்று. அதன் வழித்தோன்றலாய் இருங்காட்டுக்கோட்டை ஓடுகளம் 1990 இல் அமைந்தது. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில், கார்ப் பந்தயத்தை வளர்த்த கரிவரதன் பெயரால் ஓடுகளம் ஒன்று விளங்குகின்றது. 2005 இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் கோவை மண்ணினரே. இலங்கையிலும் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையின் பழைய விமானத் தளம் கார்ப் பந்தயம் கண்ட இடமே. நம் மலைநாட்டின் மகாகஸ்தோட்டை, ரதெல்லை மலையேற்றப் பந்தயங்களோ புகழ் பெற்றவை. பாதையை மூடிவிட்டு, ஒவ்வொரு காராக மேலே விட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடச் செய்யும் அம்முறை செம்மையானது. ஆயின் அவை ஆண்டில் சில நாட்களுக்கே, பதிவு பெற்ற போட்டியாளருக்கே உரியவை. தம் காரைத் தாமே அறிய விழையும் எளிய உடைமையாளர்க்கு அவை வாயில் திறப்பதில்லை.

அத்தகையோர்க்கு உரியதே ஓடுகளப் பயிற்சி நாள். எம் பழைய மாணவர் ஒருவர் இங்கிலாந்தில் தொழில் செய்கின்றார். இரண்டு பேர் மட்டும் அமரும் சிறிய பழைய கார் ஒன்று அவரிடம் உண்டு. விடுமுறைக்கு ஊர் வந்தபோது அதுபற்றி எமக்கு விரித்துரைத்தார். காலையில் கார்களைச் சோதிப்பார்களாம். சக்கர ஆணிகள் இறுகியுள்ளனவா, பிரேக் செம்மையாக உள்ளதா, உள்ளே உருளக்கூடிய பொருள் ஏதும் உண்டா என்று பார்ப்பார்களாம். பின்னர் அனைவரையும் இருத்தி, கொடிகளின் பொருளையும் முந்திச் செல்லும் விதியையும் கற்பிப்பார்களாம். புதியவர், பழகியவர், வல்லவர் எனப் பிரித்து, ஒரு குழுவுக்கு இருபது நிமிடம் போல முறை வைத்து விடுவார்களாம். நேர்ப்பாதையில், முன்னே செல்பவர் சைகை தந்த பின்னரே முந்தலாம். நேரம் அளப்பதில்லை, பரிசு இல்லை, பார்வையாளர் கூட்டமும் இல்லை. கடைசிச் சுற்றை மெல்ல ஓட்டிப் பிரேக்கை ஆற வைத்து, நிறுத்திய பின் கைப்பிரேக் போடாது விடுவதும் ஒரு விதியாம்.

"முதல் நாள் என்ன கற்றாய், தம்பி?" என்று கேட்டோம்.

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதைக் கற்றேன், ஐயா. பக்கத்தில் இருந்து சொல்லித்தந்தவர் என் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பத்து வருஷம் ஓட்டியும் ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை" என்றார்.

அன்று மாலை அவர் எம்மை வாடகைக் காரில் மஸ்கெலியாவுக்கு அழைத்துச் சென்றார். வளைவுதோறும் ஒலியெழுப்பி மெல்ல மெல்லவே ஓட்டினார். களத்தில் விரைவோர் இங்கு ஏன் ஊர்கின்றீர் என்று நகைத்தோம். "களத்தில் ஓட்டிய பிறகு இந்தப் பாதையில் வேகமாகப் போகவே பயமாயிருக்கிறது, ஐயா. எது எப்போது கைவிடும் என்று இப்போது எனக்குத் தெரியும்" என்றார். யாம் கற்பித்த எந்த நீதிநூலும் அவருக்குத் தராத அடக்கத்தை ஓடுகளம் தந்திருந்தது.

இங்கே மறுப்பு ஒன்று எழும். 'களத்திலும் மரணம் நேரவில்லையா? 2024 ஏப்ரல் 21 மறந்துவிட்டதா?' என்று கேட்பர். மறக்கவில்லை. அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் மாண்டனர். மேலும் பலர் காயமுற்றனர். 1955 இல் பிரான்சின் லெ மான் களத்தில் கார் ஒன்று சிதறிக் கூட்டத்துள் வீழ, 80 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் சுவிட்சர்லாந்து சுற்றோட்டப் பந்தயத்தையே நெடுங்காலம் தடைசெய்திருந்தது. இவ்விரு களங்களிலும் மாண்டோர் பெரும்பாலும் காருக்குள் இருந்தவரல்லர், வெளியே நின்றவர்களே. களம் இருந்தால் மட்டும் போதாது. காருக்கும் காண்பவருக்கும் இடையே தக்க தொலைவும் தடுப்பும் வேண்டும் என்பதற்கு இவையே சான்று.

இவற்றை எண்ணுந்தோறும் ஓர் உண்மை தெளிவாகின்றது. கண்காட்சியும் தெருப் பந்தயமும் பகை போலத் தோன்றினும் ஒருவகையில் உடன்பிறப்புக்களே. இரண்டும் காண்போரை வேண்டுவன. தெருவில் விரையும் இளைஞன், யாருமில்லாத வெட்டவெளியில் அவ்வாறு விரைவானா? பெரும்பாலும் மாட்டான். பாதையோரத்துக் கண்களும் கைப்பேசியிற் படம்பிடிக்கும் தோழரும் இருந்தாலன்றி அவன் வீரம் நிறைவதில்லை. பயிற்சி நாளுக்கோ காண்பவர் தேவையில்லை. அங்கே ஒருவன் தன் நேற்றைய பிழையோடு மட்டும் போட்டியிடுகின்றான். கைதட்டலை நீக்கிவிட்டால் வேகத்தின் நஞ்சிற் பாதி நீங்கிவிடும் என்பது எம் துணிபு.

வேறொரு மறுப்பும் உண்டு, அது வன்மையானது. மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் வீடு கட்ட ஏழு பேர்ச் காணிக்கு ஏங்கும் மக்கள் இருக்க, செல்வர் காருக்குக் களம் தேடுவதா என்பர். அவ்வினாவின் முன் நாம் தலைவணங்குகின்றோம். ஆகவே தேயிலை நிலத்தில் ஓரடியும் நாம் இதற்குக் கேட்கவில்லை. வீடும் பள்ளியும் முதலில் வரட்டும். நாம் கேட்பது, முன்னரே ஓடுகளமாய்ப் பயின்ற இடங்களின் வாயிலைத் திறந்துவிடுமாறே. மாதத்தில் ஒரு நாளேனும் போட்டியற்ற பயிற்சி நாளாகக் குறித்து, சோதனையும் ஆசானும் மருத்துவ வண்டியும் வைத்து, உரிய கட்டணத்தை உடைமையாளரிடமே பெறலாம். கார் வாங்க இயன்றவர்க்குக் கட்டணம் தர இயலாதா? மோட்டார் விளையாட்டுச் சங்கங்கள் முன்வந்தால் இது கைகூடும். அதன்பின் தெருவில் விரைவோனைப் பொலிஸார் பிடிக்கும்போது, போவதற்கு வேறிடமில்லை என்று சொல்ல அவனுக்கு வாயிராது.

மலைப் பாதைகளோ பந்தயமின்றியே போதிய பலி கொள்கின்றன. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்லை குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 பேர் மாண்டதை மலையகம் மறவாது. இறக்கமும் வளைவும் பனியும் கூடி இயல்பாகவே இடர் நிறைந்த பாதை, விளையாட்டையும் சுமக்க வல்லதன்று. அது கொழுந்துக் கூடையோடு நடக்கும் தாய்க்கும், புத்தகப் பையோடு நடக்கும் பிள்ளைக்கும், இரவில் மலையேற வரும் அடியார்க்கும் உரியது. அவர்க்கு வேறு பாதை இல்லை. வேகக் கார்க்கோ வேறிடம் தேட முடியும்.

எம்மூரின் பெயர் நல்லதண்ணி. மலையிலிருந்து இறங்கும் நீர் பெருமழைக் காலத்தில் மண்மேட்டைச் சரித்து வீட்டைப் புதைப்பதுமுண்டு. அந்நீரே மவுசாக்கலை அணைக்குள் அடங்கி, கென்யன் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றி ஊர்களுக்கு விளக்கேற்றுகின்றது. நீரை வெறுத்து யாரும் அணை கட்டுவதில்லை. அதன் வலிமையை மதித்தே கட்டுகின்றனர். இளைஞரின் வேக வேட்கைக்கும் அத்தகைய கரையொன்று வேண்டும். அதனை அமைக்க வேண்டியவர் பெரியோர். அதற்குள் நிற்க வேண்டியவர் இளையோர். அன்று கானுக்குள் வீழ்ந்த குடையை எடுத்துக்கொண்டு அச்சிறுமி நாளையும் அப்பாதையிலேதான் நடந்து வருவாள்.